காற்றில் விளையும் மரம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு விதையை உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. அதிலிருந்து எழும்பும் மரமோ டன் கணக்கில் கனக்கிறது. அத்தனை எடையும் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். 17-ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர் வான் ஹெல்மான்ட் இதை நிறுத்தே பார்த்துவிட்டார். உலர்த்திய மண் 200 பவுண்டைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை நட்டார். தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். 5 ஆண்டு கழித்து மரம் 169 பவுண்டு இருந்தது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ், அதாவது 60 கிராமுக்கும் கீழே!

மரம் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். காற்றின் பங்கு அன்று யாருக்கும் தெரியாது. காய்ந்த கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். காற்றில் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு நான்கு என்ற அளவில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை இலைத்துளைகள் வழியே இழுத்துத்தான் மரம் அந்தக் கார்பனைச் சேர்க்கிறது. பச்சையத்தில் விழும் வெயில் தண்ணீர் மூலக்கூறைப் பிளக்கிறது. ஹைட்ரஜன் சர்க்கரைக்குள் போகிறது, ஆக்சிஜன் வெளியேறுகிறது. அந்த ஆக்சிஜன் தண்ணீரிலிருந்தே வருகிறது என்பது 1941-இல், கனமான ஆக்சிஜன் அணுக்களைக் கொண்டு செய்த சோதனையில் உறுதியானது. வெயிலின் ஆற்றல் சர்க்கரையில் தங்கிவிடுகிறது. இதுதான் ஒளிச்சேர்க்கை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில்தான் சுவாசிக்கும் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அது தவறு. செடி இரவு பகல் எந்நேரமும் சுவாசிக்கிறது, அதாவது ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையிலிருந்து ஆற்றலை எடுக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை மிஞ்சி நிற்பதால் நமக்குத் தெரிவதில்லை. வெளிச்சமே காணாத வேர், இலை அனுப்பும் சர்க்கரையையும் மண் இடுக்குகளில் உள்ள ஆக்சிஜனையும் வைத்துத்தான் பிழைக்கிறது. தண்ணீர் தேங்கினால் செடி அழுகிச் சாவதும் இதனால்தான்: வேருக்கு மூச்சு முட்டிவிடுகிறது.

செடி சுவாசிப்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஊறவைத்து முளைவிடத் தொடங்கிய பயறை ஒரு பிளாஸ்க்கிலும், வேகவைத்து ஆறிய பயறை இன்னொன்றிலும் போடுங்கள். இரண்டின் வாயையும் பஞ்சால் அடைத்து, வெப்பமானியைச் செருகி வையுங்கள். மறுநாள் பார்த்தால் முளைப்பயறு இருக்கும் பிளாஸ்க்கில் வெப்பம் ஏறியிருக்கும். தாய்ச்செடி சேர்த்துக் கொடுத்த மாவுச்சத்தை அந்த முளை செலவழிக்கும் சூடு அது.

நம் உடம்புச் சூடும் அதே வகைதான். பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் லவாய்சியே 1780-களில், பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் ஒரு கினிப்பன்றியை வைத்து, எவ்வளவு பனி உருகியது என்று அளந்தார். சுவாசம் என்பது மெதுவாக நடக்கும் எரிதல் என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் செல்லுக்குள் தீ எரிவதில்லை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில் சர்க்கரையின் ஆற்றல் படிப்படியாக இறக்கப்பட்டு, ஏடிபி என்ற மூலக்கூறில் சேர்கிறது; செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தருவது அதுதான். அதைச் செய்யும் புரதத்தின் ஒரு பகுதி உண்மையிலேயே சுழல்கிறது. அது இயங்கும் விதத்தை விளக்கியதற்காக பால் பாயர், ஜான் வாக்கர் இருவரும் 1997-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அதே வகைப் புரதம் இலையில் பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்திலும் சுழல்கிறது என்பதுதான் எனக்கு ஆகப் பெரிய வியப்பு. நாம் ஒரு நாளில் உண்டாக்கிச் செலவழிக்கும் ஏடிபியைக் கூட்டினால் நம் உடல் எடை அளவுக்கு வரும். ஆனால் எந்த நேரத்திலும் கையிருப்பில் இருப்பது மிகச் சொற்பம். திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறோம்.

உடம்பு இளைக்கும்போது கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையாகக் கரைகிறது என்பார்கள். கணக்குப் போட்டால் 10 கிலோ கொழுப்பில் சுமார் 8.4 கிலோ, மூச்சில் கார்பன் டை ஆக்சைடாகவே வெளியேறுகிறது. மீதி தண்ணீராகிறது. மரம் எந்தக் காற்றிலிருந்து உடம்பைக் கட்டியதோ, அதே காற்றுக்குத்தான் நம் உடம்பும் திரும்புகிறது. கார்பன் இப்படிச் சுற்றி வரும். ஆற்றலுக்கு அந்தச் சுற்று கிடையாது. சூடாகப் போனது போனதுதான். புல்லை வெட்டுக்கிளி தின்று, அதைத் தவளை தின்னும்போது ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அடுத்த உடம்பில் சேர்கிறது. புலிகள் எப்போதும் குறைவாகவே இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே.

வெயிலே எட்டாத உயிர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. 1977-இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, கடலுக்கடியில் 2,500 மீட்டர் ஆழத்து வெந்நீர் ஊற்றுகளில் ஆளுயரக் குழாய்ப் புழுக்களைக் கண்டார்கள். வளர்ந்த புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடம்புக்குள் வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து ஆற்றல் எடுத்து அதற்குச் சோறு போடுகின்றன. ஆனால் அந்த வேதிவினைக்கு ஆக்சிஜன் வேண்டும். அந்த இருட்டுக்குள் கரைந்து வரும் ஆக்சிஜனோ, எங்கோ வெயிலில் ஒரு பாசியோ இலையோ தண்ணீரைப் பிளந்து வெளியே விட்டதுதான்.

வணக்கம்.