டெத் நோட் மாதிரி வேறென்ன இருக்கு?

வணக்கம்.

வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிற கேள்வியைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். டெத் நோட் ஓர் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர், மொத்தம் 37 எபிசோட். கேட்பவர் அதை மூன்று ராத்திரியில் முடித்திருப்பார், கண்ணைப் பார்த்தாலே தெரியும். முடிந்துபோன தவிப்பில் இருக்கிறவர் யார் எதைச் சொன்னாலும் ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் சொல்கிறவர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

நான் நிதானிக்காத கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்தி மகன் வந்து இதே கேள்வியைக் கேட்டான். யோசிக்கவே இல்லை, "மான்ஸ்டர் பார்டா" என்றேன். கணக்கு என்னவோ சரிதான். இரண்டும் மேட்ஹவுஸ் ஸ்டூடியோ தயாரித்தவை. இரண்டிலும் தொடர் கொலை, துரத்தல், ஓர் உயிரை எடுக்க யாருக்கு உரிமை என்ற கேள்வி. பையன் நாலாவது எபிசோடில் தூங்கிவிட்டான். மறுநாள் போன் செய்து, "அக்கா, அந்த டாக்டர் எப்பதான் ஏதாவது பண்ணுவாரு?" என்று கேட்டான்.

அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "டெத் நோட்ல நீ திரும்ப ஓடவிட்டுப் பார்த்த இடம் எது?"

சிப்ஸ் காட்சி என்றான். பார்த்தவர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள், பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். லைட் யாகாமி பள்ளி மாணவன். பெயரை எழுதினால் ஆள் செத்துப்போகும் நோட்டு ஒன்று அவனிடம் இருக்கிறது. அவன்மேல் சந்தேகப்பட்டு அறை முழுக்க ரகசிய கேமரா வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது எல் என்ற துப்பறிவாளரும் லைட்டின் சொந்த அப்பாவும். இவன் மேசையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறான், பக்கத்தில் சிப்ஸ் பாக்கெட். வீட்டில் வேறு யாரும் தொடாத ருசியாகப் பார்த்து வாங்கியது. அதற்குள் ஒரு குட்டி டிவியும் நோட்டிலிருந்து கிழித்த தாளும் இருக்கின்றன. ஒரு கை கணக்குப் போடுகிறது, இன்னொரு கை பாக்கெட்டுக்குள் பெயர் எழுதுகிறது. நடுவில் ஒரு சிப்ஸை எடுத்துக் கடிக்கிறான். அந்தக் கடிக்கு இசை முழங்குகிறது, கேமரா சுழல்கிறது, ஏதோ கோட்டையைப் பிடித்த மாதிரி!

தம்பிக்குப் பிடித்தது கொலையும் இல்லை, தத்துவமும் இல்லை. சின்ன விஷயத்தைப் போர்க்களமாக ஊதிப் பெரிதாக்குகிற அந்த நாடகத்தனம். அப்படி இருக்க மான்ஸ்டரைக் கொடுத்தால் தூங்காமல் என்ன செய்வான்? டெத் நோட்டை இயக்கியவர் டெட்சுரோ அராக்கி. 2013இல் வந்த அட்டாக் ஆன் டைட்டனின் முதல் சீசனும் அவர் இயக்கம்தான். அதே ஆவேசம், அதே உரத்த இசை. அதைக் கொடுத்தேன். இந்த முறை போன் வரவில்லை, வெள்ளிக்கிழமை தொடங்கியவன் திங்கட்கிழமைதான் வெளியே வந்தான்.

ஒரே தொடரை நூறு பேர் பார்த்தால் நூறு பேரும் ஒரே இடத்தில் சிக்குவதில்லை. "த்ரில்லர்", "சைக்கலாஜிகல்" என்று மேலே ஒட்டியிருக்கும் சீட்டு அதைச் சொல்லாது. செயலிகள் போடுகிற 'இதைப் பார்த்தவர்கள் அதையும் பார்த்தார்கள்' கணக்கும் இதில் பாதி தூரம்தான் வரும். டெத் நோட் பார்க்காத அனிமே ரசிகரைக் கண்டுபிடிப்பதே கஷ்டம், ஆகவே அது எல்லாத் தொடரோடும் ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் பாயசம் குடித்த எல்லோரும் சாதமும் சாப்பிட்டிருப்பார்கள். அதற்காகப் பாயசம் பிடித்தவர் இலையில் இன்னும் கொஞ்சம் சாதம் போடுவோமா?

சரி, லைட்டும் எல்லும் மாறி மாறிக் காய் நகர்த்துவதுதான் பிடித்தது என்று ஒருவர் சொன்னால், கோட் கியாஸ். டெத் நோட் போலவே அதுவும் 2006இல் தொடங்கியது, இரண்டு சீசனும் 25, 25 எபிசோட். லெலூஷ் என்ற மாணவனுக்கு எதிரில் இருப்பவரைக் கட்டளைக்குப் பணிய வைக்கும் சக்தி கிடைக்கிறது, ஒரு பேரரசையே எதிர்க்கிறான். ராட்சத ரோபோக்களைப் பார்த்து ஓடிவிடாதீர்கள், விளையாட்டு நடப்பது அவன் மண்டைக்குள்.

இல்லை, "கொல்வதற்கு இவன் யார்?" என்ற கேள்விதான் ராத்திரியெல்லாம் குடைந்தது என்றால், அப்போது எடுங்கள் மான்ஸ்டரை. டென்மா ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் மூளை அறுவை சிகிச்சை நிபுணர், ஜப்பானியர். தலையில் குண்டடிபட்ட சிறுவனை முதலில் கொண்டுவருகிறார்கள், அப்புறம் மேயரைக் கொண்டுவருகிறார்கள். மேயரைப் பார் என்கிறது மேலிடம். டென்மா சிறுவனைக் காப்பாற்றுகிறார். வருடங்கள் கழித்து அந்தச் சிறுவன் யாராக வந்து நிற்கிறான் என்பதுதான் கதை. லைட் கொன்றுகொண்டே தன்னை நல்லவன் என்கிறான். டென்மாவோ ஓர் உயிரைக் காப்பாற்றியதாலேயே குற்ற உணர்ச்சியில் அலைகிறார். டெத் நோட்டை உள்ளும் புறமுமாகத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் 74 எபிசோட். டென்மா தலையே காட்டாத எபிசோட்கள்கூட உண்டு. இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் கொடுப்பது ஒருவகை மோசடி.

நீளத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. ஸ்டைன்ஸ் கேட் பாருங்கள் என்று சொல்லும்போது, மொத்தம் 24 எபிசோட், பாதி வரை மெதுவாகத்தான் போகும், 12ஆவதில் தலைகீழாகும் என்று சொல்லிவிட்டால் ஆள் பொறுத்திருப்பார். நருட்டோவின் முதல் 220 எபிசோடில் 135க்குப் பிறகு வருவதில் பெரும்பகுதி ஃபில்லர், மூலக் கதையில் இல்லாதது. வேலைக்குப் போகிறவருக்கு அந்தத் தகவல் பெரிய உதவி.

இயக்குநர் பெயரைப் பிடித்துக்கொண்டு போவதும் எப்போதும் பலிக்காது. கௌபாய் பீபாப் பிடித்தவருக்கு எல்லோரும் சாமுராய் சாம்ப்லூ சொல்வார்கள். இரண்டும் ஷினிசிரோ வாட்டனாபே இயக்கியவை, இரண்டும் 26 எபிசோட். 1998இல் விண்வெளியில் ஜாஸ் ஒலிக்கவிட்டவர், 2004இல் எடோ காலத்துச் சாமுராய்களுக்கு ஹிப்ஹாப் போட்டார். இசைக்காகப் பீபாப் பார்த்தவருக்கு இது பொருந்தும்.

எனக்குப் பீபாப் என்றால் இசை ஞாபகம் வராது, முதல் எபிசோடில் வரும் சாப்பாடுதான் வரும். விண்கலத்தில் ஸ்பைக்கோடு இருக்கும் ஜெட் சமைத்து எடுத்து வருகிறார், குடமிளகாயும் மாட்டிறைச்சியும் என்று பெயர். ஸ்பைக் கிளறிப் பார்க்கிறான், இறைச்சியைக் காணோம். கேட்டால், காசு இல்லாவிட்டால் இதற்கும் அதுதான் பெயர் என்கிற மாதிரி பதில். விண்கலம் இருக்கிறது, வாங்கிப் போட இறைச்சிக்கு வழியில்லை! அந்த வறுமைக்கும் சிரிப்புக்கும் சொந்தக்காரத் தொடர் என்று நான் சொல்வது பிளானடெஸ், 2003. சுற்றுப்பாதையில் மிதக்கும் குப்பையைப் பொறுக்குகிற தொழிலாளர்கள் கதை. நிறுவனத்திலேயே மதிப்பில்லாத பிரிவு, ஓட்டை அலுவலகம், பட்ஜெட் இல்லை. ஒரு சின்ன ஸ்க்ரூ எத்தனை உயிரை எடுக்கும் என்று காட்டித்தான் தொடரே ஆரம்பிக்கிறது. இதன் இயக்குநர் கோரோ தனிகுச்சி, மூன்று வருடம் கழித்துக் கோட் கியாஸ் எடுத்தவர். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நம்பமாட்டீர்கள்.

ஃப்ரீரென் என்ற தொடர் பிடித்தவர்களிடமும் இதே கதைதான். எல்ஃப், மந்திரம், பயணம் என்று பார்த்ததும் மந்திரவாதிக் கதைகளாக அடுக்கிவிடுகிறார்கள். ஆனால் பலர் அழுதது சண்டைக்கு இல்லை. பத்து வருடம் கூடவே நடந்த ஹிம்மல் மூப்படைந்து இறந்துபோக, இவரைத் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டேனே என்று ஆயிரம் வருடம் வாழ்ந்த எல்ஃப் ஃப்ரீரென் அழுகிற இடத்தில். அவர்களுக்கு நான் 2005இல் வந்த முஷிஷியைக் கொடுப்பேன். கிங்கோ ஊர் ஊராகப் போகிறார், ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை, முஷி என்ற விசித்திர உயிர்களால் வரும் தொல்லையைத் தீர்த்துவைப்பார் அல்லது தீர்க்க முடியாமல் நடையைக் கட்டுவார். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒன்றே ஒன்று பாருங்கள், வரிசையாகப் பார்த்தால் அதன் ருசி போய்விடும்.

மறுபடியும் டெத் நோட்டுக்கே வருகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் கையில் எதேச்சையாக ஒரு பொருள் கிடைக்கிறது. அதோடு வேற்றுலகத் துணை ஒன்றும் வந்து ஒட்டிக்கொள்கிறது, மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் துணை பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறது, பேசுகிறது, தொணதொணக்கிறது. எதிரில் சமமான மூளையோடு ஒரு போட்டியாளன், இவனிடம் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று முறைத்துக்கொண்டே இருக்கிறான். டெத் நோட்டில் லைட்டோடு ஒட்டிக்கொள்ளும் மரண தேவன் ரியூக்கும், எல்லும்தானே என்பீர்கள். நான் சொல்வது ஹிகாரு நோ கோ. தாத்தா வீட்டுப் பழைய சாமான்களுக்குள் கிடைத்த கோ விளையாட்டுப் பலகை, அதில் குடியிருக்கும், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஹெயான் காலத்து ஆசான் சாயின் ஆவி, எதிரில் அக்கிரா தோயா. 2001இல் தொடங்கிய தொடர், 75 எபிசோட். கொலை கிடையாது, போலீஸ் கிடையாது, கறுப்பு வெள்ளைக் காய்கள் மட்டும்தான்.

இரண்டு கதையும் முதலில் மாங்காவாக, அதாவது ஜப்பானிய காமிக்ஸாக வந்தவை, இரண்டுக்கும் படம் வரைந்தவர் ஒருவரே, தகேஷி ஒபாட்டா. ஹிகாருவை முடித்த அதே 2003இல்தான் லைட்டை வரைய உட்கார்ந்தார். தம்பியிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை. அவனுக்கு முதலில் கோ விளையாட்டு விதியைச் சொல்லித்தர வேண்டும், எனக்கே அது சரியாகத் தெரியாது.