100 எம்பிபிஎஸ் வேகம் இருந்தும் குரல் ஏன் உடைகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

நெட்வொர்க் வேலை பார்ப்பவன் என்று தெரிந்தாலே உறவுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன் தம்பி, யூடியூப் நல்லா ஓடுது, ஆனா துபாயில இருக்கிற பையன்கிட்ட பேசினா மட்டும் குரல் விட்டு விட்டு வருது, ஏன்?" நியாயமான கேள்விதான். விளம்பரத்தில் எம்பிபிஎஸ் கணக்கை, அதாவது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகத்தை மட்டும்தானே சொல்கிறார்கள்.

இணையத்தில் நாம் அனுப்புகிற எதுவும் முழுசாகப் போவதில்லை. பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மிகாத துண்டுகளாக வெட்டப்பட்டுத்தான் போகிறது. அந்தத் துண்டுக்குப் பெயர் பாக்கெட். ஒவ்வொன்றின் தலையிலும் அது போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்லும் எண், அதாவது ஐபி முகவரி இருக்கும், வழியில் உள்ள ரவுட்டர்கள் அதைப் பார்த்து அடுத்த ரவுட்டருக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான் ஐபி என்கிற விதிமுறையின் வேலை. போய்ச் சேரும் என்று அது உறுதி சொல்வதில்லை. ரவுட்டரில் வரிசை நிரம்பிவிட்டால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும், பெரும்பாலும் யாருக்கும் சொல்லாது.

அப்படியானால் நாம் இறக்குகிற ஃபைல் எப்படி ஓர் எழுத்துகூடக் குறையாமல் வருகிறது? அது டிசிபி என்ற இன்னொரு விதிமுறை பார்த்துக்கொள்கிற வேலை. அனுப்பும் பக்கம் வரிசை எண் போட்டு அனுப்பும், வாங்கும் பக்கம் "இதுவரை வந்தது" என்று பதில் சொல்லும், பதில் வராததை மறுபடி அனுப்பும். 1974இல் இணையத்துக்கு அடித்தளம் போட்ட வின்ட் செர்ஃபும் பாப் கானும் எழுதிய திட்டத்தில் முகவரி பார்ப்பது, மறுபடி அனுப்புவது எல்லாம் ஒன்றாகவே இருந்தது. ஆனால் பேச்சுக்கு அது ஒத்துவரவில்லை. யோசித்துப் பாருங்கள், உங்கள் குரலை 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட்டாக, நொடிக்கு 50 பாக்கெட் என்று அனுப்புகிறார்கள், அதில் ஒன்று தொலைந்தால் அதைத் திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் பேச்சு அடுத்த வார்த்தைக்குப் போயிருக்கும். பிந்தி வந்த குரலால் என்ன பயன்? குரலை அனுப்பும் ஆராய்ச்சியில் இருந்த டானி கோஹன் போன்றவர்கள் இதை வற்புறுத்தித்தான் டிசிபியையும் ஐபியையும் தனித்தனியாகப் பிரிக்க வைத்தார்கள். 1980இல் டிசிபிக்கு மாற்றாக யுடிபி என்ற எளிய விதிமுறை வந்தது. வெறும் 8 பைட் தலைப்பு, திரும்ப அனுப்புவதெல்லாம் கிடையாது. இன்றைக்கும் வாட்ஸ்அப் அழைப்பில் குரல் பெரும்பாலும் இதன் மேல்தான் போகிறது. ஒன்றிரண்டு பாக்கெட் போனால் ஆப் சமாளித்துவிடும். தொடர்ந்து போனால்தான் குரல் உடையும்.

பாக்கெட் ஏன் தொலைகிறது என்பதற்கு இந்தத் துறையில் மறக்கக் கூடாத ஒரு கதை இருக்கிறது. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அங்கிருந்து 400 கெஜம் தள்ளியுள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவில், நொடிக்கு 32 ஆயிரம் பிட் போய்க்கொண்டிருந்த லைன் 40 பிட்டுக்கு இறங்கிவிட்டது. 40 பிட் என்றால் நொடிக்கு ஐந்து ஆங்கில எழுத்து! நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வரலாம். லைன் அறுபடவில்லை, எந்த மெஷினும் பழுதாகவில்லை. நெரிசலில் பதில் தாமதமாக, தாமதத்தைத் தொலைந்துபோனதாக எடுத்துக்கொண்டு எல்லாக் கணினியும் மறுபடி மறுபடி அனுப்ப, வரிசை முழுக்க ஒரே பாக்கெட்டின் நகல்களாக நிறைந்துவிட்டது.

ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றும் வியப்புதான். அனுப்புகிறவன் ஒரு பாக்கெட்டில் தொடங்கட்டும், பதில் வந்தால் இரண்டு, பிறகு நான்கு என்று ஏற்றட்டும், எங்காவது தொலைந்தால் உடனே குறைத்துக்கொள்ளட்டும். மேலே இருந்து யாரும் கண்காணிக்கவில்லை, ஒவ்வொரு கணினியும் தானாகவே அடங்கிப் போகிறது, அதனால்தான் இன்றைக்குக் கோடிக்கணக்கான பேர் ஒரே வலையில் இருக்க முடிகிறது. பெரிய ஃபைல் இறக்கும்போது வேகம் சின்னதாகத் தொடங்கி மேலே ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதில் ஜேக்கப்சனின் கைவண்ணமும் உண்டு.

சரி, துபாய்ப் பையன் விஷயத்துக்கு வருவோம். யூடியூப் கொஞ்சம் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது, அதனால் பாக்கெட் தொலைவது கண்ணில் படாது. அழைப்பில் அந்த அவகாசம் இல்லை. இரண்டு இடத்தில் சந்தேகப்படலாம், உங்கள் வீட்டு வைஃபை, இல்லையென்றால் வெளியே போகிற லைன். கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளை தட்டும் ஜன்னல்) திறந்து, ரவுட்டரின் முகவரிக்கு (பல வீடுகளில் 192.168.1.1) பிங், அதாவது பதில் வருகிறதா என்று சோதிக்கும் ping கட்டளையை ஓடவிடுங்கள், இன்னொரு ஜன்னலில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கும் ஓடவிடுங்கள். குரல் உடைகிற நேரத்தில் செய்ய வேண்டும், அதுதான் முக்கியம். ரவுட்டரிடமிருந்தே பதில் வராமல் போனால் கோளாறு வைஃபையில், கேபிள் போட்டுப் பாருங்கள் அல்லது ரவுட்டர் பக்கத்தில் உட்காருங்கள். ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி, 8.8.8.8 மட்டும் விட்டு விட்டு வந்தால், முதலில் வீட்டில் யாராவது போட்டோ, வீடியோ எல்லாம் மேலேற்றிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள், ஏனென்றால் அப்லோட் வரிசை நிரம்பினாலும் இதே மாதிரிதான் ஆகும். அதை நிறுத்தியும் சரியாகவில்லை என்றால் கம்பெனிக்குப் போன் போட்டு, "ஸ்பீடு குறையுது" என்று சொல்லாதீர்கள், "பாக்கெட் லாஸ் இருக்கு, இத்தனை மணிக்கு இத்தனை சதவீதம்" என்று சொல்லுங்கள்.