ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்: அந்த அறையில் ஏன் பூண்டு வாடை?

[திரையில்: குழந்தையின் கை, ட்ரிப்ஸ் குழாய், உறை போட்ட பை]

குழந்தைக்கு ட்ரிப்ஸ் ஏறுகிறது. அறையில் லேசாகப் பூண்டு வாடை.

ஸ்டெம் செல் (பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) உள்ள தொப்புள்கொடி ரத்தத்தை ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஏற்றினால் பலன் உண்டா என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இது. தொப்புள்கொடி ரத்தத்தை உறைய வைக்கும்போது செல்கள் சாகாமல் இருக்க டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தைச் சேர்ப்பார்கள். அது உடம்பில் ஏறினால் மூச்சில் பூண்டு வாடை வரும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில குழந்தைகளுக்கு ஏற்றிய, செல்லே இல்லாத போலிப் பைகளிலும் அதே திரவத்தைக் கலந்திருந்தார்கள். வாடையை வைத்துக்கூட யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே!

எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

ஆட்டிசம் உள்ள குழந்தையும் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். மூன்று வயதில் கையைப் பிடித்து இழுத்துக் காட்டிய பிள்ளை, நான்கு வயதில் "தண்ணி" என்று வாய்விட்டுக் கேட்கலாம். அந்த ஒரு வருடத்தில் ஸ்பீச் தெரபி, பள்ளிக்கூடம், வீட்டில் அம்மாவின் உழைப்பு எல்லாம் இருந்திருக்கும். நடுவே ஒரு ஊசி போட்டிருந்தால், பெயர் ஊசிக்குப் போய்விடும்.

ஏற்கெனவே நடந்த கதைதான். 1990களின் கடைசியில் செக்ரெட்டின் என்ற ஹார்மோன் ஊசிக்குப் பெற்றோர் அலைமோதினார்கள். 1999இல் வெளியான ஆய்வில், போலி ஊசி போட்ட பிள்ளைகளிடமும் கிட்டத்தட்ட அதே முன்னேற்றம். முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் அந்த ஊசியில் ஆர்வமாகவே இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

[திரையில்: 2017 → 2020]

சரி, டியூக்குக்கு வருவோம். ஸ்டெம் செல் மூளையில் போய்ப் புது நரம்பாக முளைக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. தொப்புள்கொடி ரத்தத்தில் உள்ள செல்கள் மூளையின் அழற்சியைத் தணிக்கலாம் என்பதுதான் யோசனை. 2017இல் 25 குழந்தைகளிடம் பார்த்தபோது பெரிய ஆபத்தும் இல்லை, கொஞ்சம் முன்னேற்றமும் தெரிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்துக் குழு கிடையாது.

அடுத்ததில் 180 குழந்தைகள், 2 முதல் 7 வயது வரை. 119 பேருக்கு நிஜமான பை, 61 பேருக்குப் போலி. ஆறு மாதம் கழித்து, முக்கியமாக அளக்க நினைத்த சமூகப் பழக்கத்தில் இரு தரப்புக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அறிவுத்திறன் அளவு 70க்கு மேல் இருந்த பிள்ளைகளிடம் மட்டும் சில அளவீடுகளில் சின்ன நம்பிக்கை தெரிந்தது. அதை வைத்து இன்னொரு ஆய்வு தொடங்கலாம், கட்டணம் போட்டு விற்க முடியாது.

நம்மூரில் விளம்பரம் செய்யும் இடங்களில் நடப்பது பெரும்பாலும் வேறு. மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதில் பிரித்த செல்களை முதுகுத்தண்டு வழியாக ஏற்றுகிறார்கள். பில் லட்சத்தில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, அங்கீகரித்த ரத்த நோய் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே ஸ்டெம் செல் சிகிச்சை, மற்றதெல்லாம் ஆய்வாக மட்டும் நடக்கலாம். 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையமும் ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது.

"நாங்களும் ஆய்வுதான் செய்கிறோம்" என்கிறார்களா? அப்படியானால் சிடிஆர்ஐ (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இணையதளம்) பதிவு எண் கேளுங்கள். அதை அந்த இணையதளத்தில் போட்டால் எத்தனை குழந்தைகள், போலி மருந்துக் குழு உண்டா என்பதெல்லாம் தெரியும். ஆய்வில் சேரும் பிள்ளைக்குச் செல் ஏற்றக் காசு வாங்கக் கூடாது. எண்ணுக்குப் பதில் பேக்கேஜ் விலையைச் சொன்னால், ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.