ரிசர்வ் வங்கியிடம் ஒரு நகல் கேட்பது

வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுக்கத் தொடங்கி, 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தோடு நெருங்கிப் பழகிவிட்டேன். நம் சட்டைப்பையில் இருக்கும் நோட்டில் கையெழுத்திட்டு உறுதிமொழி தரும் ரிசர்வ் வங்கியிடம், சாதாரண மனிதர் ஒருவர் எப்படி ஆவணம் கேட்டுப் பெறுவது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எல்லாம் ஒரு பத்து ரூபாய் நாணயத்தில் தொடங்கியது. சில ஆண்டுகளுக்கு முன்பு நம் ஊர்களில் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் பலரும் கையை இழுத்துக்கொண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியும் அப்படித்தான். “சார், நான் வாங்கிருவேன், என்கிட்ட யாரு வாங்குவா?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே உட்கார்ந்து நான்கு பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். கடைக்காரர்கள் ஏன் மறுக்கிறார்கள், இது நியாயமா, அதிகாரிகள் ஏன் கண்டுகொள்ளவில்லை, எப்போது நடவடிக்கை எடுப்பார்கள் என்று பதினொரு கேள்விகள். நடை நன்றாக இருந்தது என்று எனக்கே ஒரு பெருமிதம். எந்த அலுவலகத்துக்கு அனுப்பினேன் என்பது இங்கே வேண்டாம், ஏனென்றால் தவறு அவர்களுடையது அன்று. நான் கேட்டவை சட்டம் சொல்லும் ‘தகவல்’ என்ற வரையறைக்குள் வரவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

கோபம் ஆறுவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. பிறகுதான் வகுப்பில் ஆண்டுதோறும் நானே நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது. வினா ஆறு வகை: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. கடையில் போய்த் ‘துவரம்பருப்பு இருக்கிறதா’ என்று கேட்கிறோமே, அது கொளல் வினா. ஒரு பொருளைப் பெற்றுக்கொள்வதற்காகக் கேட்பது. தகவல் உரிமை மனு முழுக்க முழுக்கக் கொளல் வினாவாக இருக்க வேண்டும். ‘ஏன்’ என்று கேட்டால் அதிகாரி ஒரு விளக்கத்தைப் புதிதாக எழுத வேண்டும். அப்படி எழுதித் தரும் கடமையைச் சட்டம் அவர்மீது சுமத்தவில்லை. அலுவலகத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2011 இல் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே, இன்ன பொருள் குறித்து, இன்ன தேதிக்கும் இன்ன தேதிக்கும் இடையே, வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையின் நகல் வேண்டும் என்று கேட்க வேண்டும். காகிதத்தைக் கேளுங்கள், காரணத்தைக் கேட்காதீர்கள். காரணம் பெரும்பாலும் அந்தக் காகிதத்துக்குள்ளேயே இருக்கும்.

இதில் எனக்கு நேர்ந்த இன்னொரு வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மனுவைத் திருத்தி எழுத உட்கார்ந்தபோது, எதற்கும் பார்ப்போமே என்று பேரனிடம் சொல்லி ரிசர்வ் வங்கியின் இணையதளத்தைத் திறக்கச் செய்தேன். 2018 ஜனவரி 17 ஆம் தேதியிட்ட செய்திக்குறிப்பு அங்கேயே இருந்தது. பத்து ரூபாய் நாணயம் அதுவரை 14 வடிவங்களில் வெளிவந்திருக்கிறது, ரூபாய்க் குறியீடு உள்ளதும் இல்லாததும் எல்லாமே செல்லும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அதை அச்செடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் அதைத் தராசுக்கு மேலே ஒட்டிவைத்தார். மனுவுக்கான பத்து ரூபாய்க் கட்டணமும் இல்லை, பதிலுக்கான முப்பது நாள் காத்திருப்பும் இல்லை. கேட்காமலே பலவற்றை வெளியிட வேண்டும் என்று சட்டத்தின் நான்காம் பிரிவே சொல்கிறது. வட்டி விகிதத்தை முடிவு செய்யும் பணக் கொள்கைக் குழுவில் யார் எப்படி வாக்களித்தார் என்ற கூட்டக் குறிப்புகூடக் கூட்டத்துக்குப் பின் பதினான்காம் நாள் வெளியாகிவிடுகிறது. எனவே மனு எழுதும் முன் இணையதளத்தைத் தேடிவிடுங்கள்.

அடுத்து, யாரிடம் கேட்பது என்பது. நோட்டை வெளியிடுவது ரிசர்வ் வங்கி. நாணயத்தை அச்சடிப்பது மத்திய அரசு, அதைப் புழக்கத்தில் விடுவது மட்டுமே ரிசர்வ் வங்கியின் வேலை. ஒரு ரூபாய் நோட்டும் அரசினுடையதே. ஐயமிருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள், அதில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்துக்குப் பதிலாக நிதித்துறைச் செயலாளரின் கையெழுத்து இருக்கும். முகவரி தவறிவிட்டாலும் மனு வீணாகாது; உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் மனுவையும் புகாரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் கணக்கில் பணம் தவறாகப் பிடிக்கப்பட்டிருந்தால் அதற்குக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். தகவல் உரிமை மனு அந்தப் பணத்தை மீட்டுத் தராது.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலம், இந்தி, அல்லது மனு அளிக்கும் பகுதியின் ஆட்சிமொழி என்று சட்டம் சொல்வதால், சென்னை ராஜாஜி சாலையில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத் தமிழ் மனு கொடுப்பது உங்கள் உரிமை. கட்டணம் பத்து ரூபாய்; வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. நான் அந்த நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் காரணம்தான் எழுதியிருந்தேன்!

காகிதத்தைக் கேட்டவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரே ஒரு சான்று சொல்கிறேன். 2016 நவம்பர் 8 ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்ததும், அதன்பின் நாம் நின்ற வரிசைகளும் உங்களுக்கு நினைவிருக்கும். அதே நாள் மாலை ஐந்தரை மணிக்கு டெல்லியில் ரிசர்வ் வங்கியின் மத்திய இயக்குநர் குழு கூடியது. அது 561 ஆவது கூட்டம். காமன்வெல்த் மனித உரிமை முன்முயற்சி என்ற அமைப்பைச் சேர்ந்த வெங்கடேஷ் நாயக், ஏன் செய்தீர்கள் என்று வாதாடாமல், அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பெற்றார். இரண்டு ஆண்டுக்கு மேல் கழித்து, 2019 மார்ச்சில் அது வெளிவந்தது. கறுப்புப் பணத்தின் பெரும்பகுதி ரொக்கமாக இல்லை, தங்கமாகவும் நிலமாகவுமே இருக்கிறது என்று இயக்குநர்கள் குறிப்பிட்டதும், அப்படியிருந்தும் நோட்டுகளைச் செல்லாதவையாக்கும் முன்மொழிவுக்கு இசைந்ததும் அதில் பதிவாகியிருந்தன. கூட்டத்தின் பெயர், தேதி, வேண்டிய ஆவணம் ஆகிய மூன்றையும் சொல்லிக் கேட்ட கொளல் வினா அது.

மறுப்பும் வரும். நாட்டின் பொருளாதார நலன், வணிக இரகசியம், நம்பிக்கையின் பேரில் பெற்ற தகவல் என்று எட்டாம் பிரிவில் விலக்குகள் உண்டு. வங்கிகளை ஆய்வு செய்து எழுதிய அறிக்கைகளைத் தர இயலாது, அவை வங்கிகள் எங்களை நம்பித் தந்தவை என்று ரிசர்வ் வங்கி நெடுங்காலம் சொல்லிவந்தது. தகவல் கேட்ட ஜயந்திலால் மிஸ்திரி என்பவருக்கு எதிராக ரிசர்வ் வங்கி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பர் 16 அன்று அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. ரிசர்வ் வங்கியின் கடமை பொதுமக்களுக்கும் பணம் போட்டவர்களுக்கும் உரியது, தனியொரு வங்கிக்கு உரியது அன்று என்று தீர்ப்புச் சொல்கிறது. அந்தத் தீர்ப்புக்கு முரணான கொள்கையை வைத்திருந்ததற்காக 2019 இல் நீதிமன்றம் ரிசர்வ் வங்கியைக் கண்டித்தது. பின்னர் இப்படித் தகவல் வெளியிடுவதை எதிர்த்து வங்கிகள் தொடுத்த மனுக்களை விசாரிக்கலாம் என்று 2022 இல் வேறொரு அமர்வு கூறியது. ஆவணத்தின் ஒரு பகுதிக்கு விலக்கு இருந்தால் அதை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்னும் பத்தாம் பிரிவை, மறுப்பு வந்தவர்கள் தவறாமல் மேற்கோள் காட்டுங்கள்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மேல்முறையீட்டைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்தது போதாவிட்டாலும், அடுத்த முப்பது நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அதிலும் நிறைவில்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையத்துக்குப் போகலாம். பழைய ஆவணங்களைத் தேடும் ஆய்வு மாணவர்களுக்குப் புனேயில் 1981 முதல் ரிசர்வ் வங்கியின் ஆவணக் காப்பகமே இருக்கிறது. அதைப் பற்றி மற்றொரு நாள் வாய்த்தால் பேசுகிறேன்.

வணக்கம்.