அலுவலகமே இல்லாதவன்மீது எந்தச் சட்டம் பாயும்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மயிலாப்பூரின் மாலை நேர நெரிசலைத் தாண்டி வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கும் இணையத் தளங்களிடமிருந்து நம் மக்களைக் காக்க ஒரு நாட்டின் சட்டம் மட்டும் போதுமா என்பதுதான் தலைப்பு. போதாது என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இரண்டு உதாரணங்களை அடுக்கினார். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்துக்குத் தடை சொன்னதும், கூகுளும் ஆப்பிளும் அந்தச் செயலியை எடுத்துவிட்டன என்றார். 2024-இல் பிரேசில் உச்ச நீதிமன்றம், முன்பு ட்விட்டராக இருந்த எக்ஸ் தளத்தைப் பணிய வைத்தது என்றார். இரண்டும் உண்மை. ஆனால் ஐயா, இரண்டுமே என் பக்கத்துச் சாட்சிகள்!

டிக்டாக் ஏன் அலறியடித்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு ஓடி வந்தது? அதற்கு இங்கே கோடிக்கணக்கில் பயனர்கள் இருந்தார்கள், வியாபாரம் இருந்தது. அப்படியும் ஏற்கெனவே போனில் இருந்த செயலி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதே மாதம் 24-ஆம் தேதி தடையும் நீங்கிவிட்டது.

பிரேசிலைப் பாருங்கள். எக்ஸ் அங்கிருந்த அலுவலகத்தை மூடியது, சட்டப்படி பதில் சொல்ல ஒரு ஆளை வைக்க மறுத்தது. ஆகஸ்ட் 30 அன்று நாடு முழுவதும் தளத்தை முடக்கினார்கள். அதே முதலாளியின் இன்னொரு நிறுவனமான ஸ்டார்லிங்கின் வங்கிக் கணக்கில் கை வைத்தார்கள். அபராதம் கட்டி, ஆளையும் நியமித்த பிறகு அக்டோபர் 8-இல்தான் தளம் திரும்ப வந்தது. ஒரு நிறுவனத்தை வழிக்குக் கொண்டுவர, தன் குடிமக்கள் அத்தனை பேருக்கும் ஒரு மாதத்துக்கு மேல் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. கை வைக்க அங்கே ஒரு கணக்கு இருந்ததால் அதுவாவது நடந்தது. அந்தக் கணக்கும் இல்லாத தளம் என்றால்?

அந்தக் கேள்விக்குப் பிரிட்டன் பதில் சொல்கிறது. 2023-இல் அவர்கள் கொண்டுவந்த இணையப் பாதுகாப்புச் சட்டத்தில் உலக வருவாயில் 10 சதவீதம் வரை அபராதம் போடலாம். கேட்கவே பலமாக இருக்கிறது. ஃபோர்சான் என்ற அமெரிக்கத் தளத்திடம் அவர்களுடைய கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் விவரம் கேட்டது. விவரம் வரவில்லை. 2025 அக்டோபரில் 20,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள். அதற்கு முன்பே அந்தத் தளம் அமெரிக்க நீதிமன்றத்தில் ஆஃப்காம் மீதே வழக்குப் போட்டுவிட்டது. உங்கள் சட்டம் எங்கள் மண்ணில் செல்லாது என்பது அவர்கள் வாதம்.

நம் கதைக்கு வருவோம். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்கள் இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அதிகாரியை வைக்க வேண்டும் என்றன. அந்தரங்கப் படம் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று அப்போது சொல்லின. நல்ல விதிகள், நான் வரவேற்கிறேன். ஆனால் நடைமுறையில் அவை கட்டுவது பெரிய நிறுவனங்களை. படத்தைப் போட்டுக் காசு பார்க்கும் ஊர் பேர் தெரியாத தளங்கள் அந்த அதிகாரியை வைக்குமா? 2025-இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு பெண்ணின் அந்தரங்கப் படங்களை 48 மணி நேரத்துக்குள் அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குப் பிறகும் அவை வேறு தளங்களில் முளைத்தன.

பாரிமுனையில் என் அலுவலகத்துக்கு ஒரு அம்மா வந்தார். கையில் மகளின் கல்லூரி நோட்டு. மகளின் படம் கிடந்த இணைய முகவரிகளைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். ஒரு எழுத்து தவறினாலும் புகார் ஏற்கப்படாது என்று யாரோ சொன்னதால், ஒவ்வொரு முகவரிக்கும் கீழே சரிபார்த்ததற்கு ஒரு டிக். நீக்கப்பட்டவற்றைச் சிவப்பு மையில் அடித்திருந்தார். அடிக்காத வரிகள்தான் அதிகம். ஆங்கிலம் சரளமாக வராத அந்தத் தாய், தன் மகளின் படத்தைத் தானே தேடித்தேடிப் பார்த்து எழுத வேண்டியிருந்தது. சட்டம் இருக்கிறது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படியானால் உலகம் முழுவதும் நீக்கச் சொல்லி உத்தரவிடலாமே என்பார்கள். ஆஸ்திரேலியா செய்து பார்த்தது. 2024 ஏப்ரலில் சிட்னி தேவாலயக் கத்திக்குத்துக் காணொளியை எல்லா நாட்டிலும் மறைக்கச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் மறைக்கிறோம் என்றது எக்ஸ். தற்காலிகத் தடையை நீட்டிக்க அந்நாட்டு நீதிமன்றமே மறுத்தது, ஜூனில் வழக்கைக் கைவிட்டார்கள். வேறு நாட்டு வழியாக வருவதுபோல் காட்டும் விபிஎன் இருந்தால் அந்த மறைப்பும் வீண்.

அந்த நீதிமன்றத்தின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. நாளைக்கே வேறொரு நாட்டு அரசு, தனக்குப் பிடிக்காத செய்தியைச் சென்னையில் இருக்கும் நாம் படிக்கக் கூடாது என்று உத்தரவிட்டால் ஏற்போமா?

சரி, வழியே இல்லையா? உண்டு, அது எல்லை தாண்டிய வழி. படத்தை யாருக்கும் அனுப்பாமல், அந்தப் படத்திலிருந்து கணினி உருவாக்கும் எண் அடையாளத்தை மட்டும் தளங்களோடு பகிர்ந்து, மறுபடி ஏறாமல் தடுக்கும் ஏற்பாடு 2021 முதல் இருக்கிறது. சேர்ந்த தளங்களில்தான் அது செல்லும். சேராதவர்களைச் சேர்க்க நாடுகள் கூடி ஒப்பந்தம் போட வேண்டும். டொமைன் எனும் தளப் பெயரை விற்பவர், தளம் ஓடும் சர்வர் கணினியை வாடகைக்கு விடுபவர், விளம்பரப் பணம் தருபவர் ஆகியோரை அவரவர் நாட்டிலேயே பிடிக்க வேண்டும். தனியாக நம் ஒரு சட்டத்தால் அது ஆகாது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அம்மாவின் நோட்டில் சிவப்பு மை படாத ஒரு தளத்துக்கு நோட்டீஸ் அனுப்ப நான் தயார். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று அவர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.