உச்சி வானமும் வடமேற்குச் சன்னலும்

வணக்கம் நேயர்களே. வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்க ஒரு காலத்தில் சிங்கப்பூரில் நமக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி. மற்றொன்று, 2000-இல் ஏவப்பட்ட ஏசியாஸ்டார் செயற்கைக்கோள் வழியே வந்த வேர்ல்டுஸ்பேஸ் வானொலிச் சேவை.

ஏசியாஸ்டார் நின்ற இடம் கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகை. சிங்கப்பூருக்கு ஏறக்குறைய நேர் உச்சி. திறந்த வெளியில் இதைவிட வசதி ஏது? ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தலைக்கு மேல் மாடி மாடியாகக் கான்கிரீட். சுமார் 1,467 முதல் 1,492 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அந்த அலை அதைத் தாண்டி வராது. சன்னலில் ஆன்டெனா வைத்தாலும் உச்சி வானம் தெரிவதில்லை. கிடைத்தால் ஒலி துல்லியம். மறைந்தால் கரகரப்புகூட இல்லை, சட்டென்று நின்றுவிடும். நிறுவனம் 2008-இல் நொடித்துப்போனது. அதற்கான வானொலிப் பெட்டிகள் சிலவற்றில் சிற்றலையும் உண்டு. அந்தப் பாதி இன்னும் பாடும்.

சிற்றலை, வானில் உயரே மின்னூட்டம் பெற்றுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, தொலைவிலிருந்து வரும்போது தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாக வந்து சேர்கிறது. சன்னலுக்கு ஏற்ற அலை! சென்னைத் திசைக்கு வடமேற்குச் சன்னல் நல்லது. பகலில் 19, 16 மீட்டர் அலைவரிசைகளைத் தேடுங்கள். இருட்டிய பிறகு 31, 41, 49 மீட்டர்.

சிற்றலையின் உண்மையான எதிரி வீட்டுக்குள்தான்: மின்சாதனங்களின் இரைச்சல். கணினியை முறைப்படி அணைத்துவிட்டு, வானொலியைப் பேட்டரியில் ஓட்டி, அலைவரிசையை நிலையம் எதுவும் கேட்காத இடத்துக்குத் திருப்பி வையுங்கள். மின்பெட்டியில் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கியதும் இரைச்சல் அடங்குகிறதோ, அந்த இணைப்பில் தேடுங்கள்: எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர் ஏர்கான். சார்ஜர் என்றால் கம்பியில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருள் வளையம் மாட்டலாம். பிடுங்கி வைப்பது அதைவிட மலிவு. எல்லாம் இறக்கியும் இரைந்தால் அது அண்டை வீடு அல்லது மின்தூக்கி. அப்போது திருப்பக்கூடிய வளைய ஆன்டெனா வாங்கி, இரைச்சல் குறையும் பக்கம் பார்த்துத் திருப்புங்கள்.

வளைய ஆன்டெனா இல்லாதவர்கள் உறையிட்ட கம்பி 5 மீட்டரைச் சன்னலின் உட்புறமாக ஓட்டி, பெட்டியின் ஆன்டெனாவில் கவ்வவிட்டால் போதும். வெளியே தொங்கவிடாதீர்கள், கீழே ஆள் நடக்கிறார்கள், மேலே மின்னல். கம்பி நீளமானால் சிறிய பெட்டி திணறி, ஒரு நிலையத்தின் மேல் இன்னொன்று ஏறும். ஒலியளவைக் குறைப்பதால் அது தீராது; கம்பியைச் சுருக்குங்கள்.

நேற்றுவரை கேட்ட நிலையம் மார்ச் அல்லது அக்டோபர் கடைசி ஞாயிறை ஒட்டிக் காணாமல் போனால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். அன்றுதான் சிற்றலை நிலையங்களின் பருவ அட்டவணை மாறுகிறது. புதிய அட்டவணையில் உள்ள உலகப் பொது நேரத்தோடு (UTC) 8 மணி கூட்டி, சிங்கப்பூர் நேரத்தைப் பாருங்கள்.