ஊரும் ஆலயமுமே!

நடுவர் அவர்களே, எதிரணிச் சொந்தங்களே, சுங்கை சிப்புட் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

பெற்றோர் துணை இல்லாத பிள்ளைகளை எடுத்து வளர்க்கும் பாட்டி, அத்தை, சித்தி வீடுகளுக்கும் வளர்ப்புக் குடும்பங்களுக்கும் பெருந்துணை அரசாங்கமா, ஊரும் ஆலயமுமா? இதுதான் தலைப்பு. ஊரும் ஆலயமுமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா சட்டத்தையும் பணத்தையும் எடுத்து வைத்தார். மலேசியாவின் 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் இருக்கிறது, சமூக நல இலாகா இருக்கிறது என்றார். வசதி குறைந்த வீடுகளில் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு மாதம் 200 வெள்ளி (ரிங்கிட்), ஏழு முதல் பதினெட்டு வயது வரை 150 வெள்ளி என்று 2021-இல் உதவியைக் கூட்டினார்கள், ஒரு குடும்பத்துக்கு 1,000 வெள்ளி வரை என்று அப்போது வைத்தார்கள் என்றார். அத்தனையும் உண்மை. அந்தப் பணம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஐயா, அந்த மனுப் பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுப்பது யார்?

எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு பாட்டி இருக்கிறார். காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது பேரனும் பேத்தியும் அவர் பொறுப்பு. பேத்தியின் பள்ளிச் செய்தி எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. பாட்டி கையில் இருப்பதோ பொத்தான் போன். விளையாட்டுச் சட்டை போட வேண்டிய நாளில் அந்தப் பிள்ளை மட்டும் பள்ளிச் சீருடையில் போய் நின்றிருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் மூன்றாவது வீட்டு அக்கா ஆசிரியரிடம் கேட்டு அந்தக் குழுவில் சேர்ந்துகொண்டார். ராத்திரி சமையல் முடிந்ததும் வேலியோரம் வந்து நின்று, "பாட்டி, நாளைக்குக் கலர் பென்சில் கொடுத்து அனுப்பணுமாம்" என்று வாசித்துச் சொல்கிறார். பேரனுக்குப் பன்னிரண்டு வயது ஆனதும் மைகார்ட் அடையாள அட்டை எடுக்க வேண்டும். பதிவு இலாகாவுக்குக் காரில் கூட்டிப்போய், மலாயில் பேசி முடித்துக் கொடுத்தவர் ஆலயச் செயலாளர். இதற்கெல்லாம் எந்த இலாகாவில் மனுப் போடுவது?

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஆயாக்கொட்டகையை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அம்மா அப்பா விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்விடுவார்கள். வரிசையாகச் சேலைத் தூளி. ஆயா ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே மறு கையால் இன்னொரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுவார். கொட்டகை கட்டியது நிர்வாகம்தானே என்று எதிரணி கேட்கலாம். சரி, கட்டியது நிர்வாகம்தான். ஆனால் சாயங்காலம் அம்மா வரத் தாமதமானால் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ச் சோறு போட்டது பக்கத்து வீடு. தோட்டங்கள் கைமாறி, லயங்கள் என்ற வரிசை வீடுகள் போய், ஆளுக்கொரு தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் பிரிந்தபோது நாம் இழந்தது அந்தப் பக்கத்து வீட்டைத்தான். இன்றைக்கு நாலாவது மாடியில், வலிக்கிற முழங்காலோடு, ஒரு பாட்டி தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும். அதை ஊர்தான் தர முடியும்.

இன்னொன்று சொல்கிறேன், தாய்மார்களுக்கு நன்றாகப் புரியும். பாட்டியிடம் வளரும் ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்தாள். அம்மா எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. தாய்மாமன் என்று சொல்லிக்கொள்ள ஒருவருமில்லை. "சீர் செய்ய ஆளில்லாமல் என்ன சடங்கு, தலைக்குத் தண்ணி ஊற்றி விட்டுவிடலாம்" என்று பாட்டி மனம் விட்டுவிட்டார். ஆலய மகளிர் பிரிவுப் பெண்கள் விடவில்லை. பலகாரம் ஒருவர் வீட்டில், மாலை ஒருவர் செலவு. ஆலயத் தலைவர் பட்டுச் சேலையும் வளையலும் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு, தாய்மாமன் இடத்தில் வந்து நின்றார். அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து மணையில் உட்கார்ந்தாள். எதிரணி நண்பர்களே, உதவிப் பணம் வங்கிக் கணக்கில் விழும். தாய்மாமன் சீர் விழுமா?

ஊர் வாயைப் பற்றி எதிரணித் தங்கை பேசினார். "அப்பன் ஜெயில்ல இருக்கான், அவன் பிள்ளைதானே இது" என்று பேசுவதும் இதே ஊர்தான் என்றார். வலிக்கிற உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வாயை எந்தச் சட்டத்தால் அடைக்க முடியும்? அதே பையனைத் தேவார வகுப்பில் முன்வரிசையில் உட்கார வைத்து, திருவிழாவில் பால்குடம் எடுக்க வைத்து, நாலு பெரியவர்கள் அவன் பக்கம் நின்றால் பேசுகிற வாய் தானாக அடங்கும். அதேபோல், பிள்ளை அடிபடுகிறது, வதைபடுகிறது என்று தெரிந்தால் ஊருக்குள் பேசி மூடி மறைக்கக் கூடாது. அந்த நிமிடமே 15999 என்ற தாலியான் காசே (Talian Kasih) உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். அதுவும் ஊரின் கடமைதான்.

பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்துவிடலாமே என்றும் ஒரு பேச்சு வந்தது. சுவாமி சத்தியானந்தா தொடங்கி, அன்னை மங்களம் அவர்கள் வாழ்நாளெல்லாம் காத்த சுத்த சமாஜம் என்ற பிள்ளைகள் இல்லத்தை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். யாருமே இல்லாத பிள்ளைக்கு அப்படி ஓர் இடம் வேண்டும். பாட்டி இருக்கிற பிள்ளைக்கு? வறுமை ஒன்றை மட்டுமே காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009-இல் ஐக்கிய நாட்டுச் சபை ஏற்ற வழிகாட்டுதலே சொல்கிறது.

அப்புறம், கோயில்காரர்களால் எதையும் நிலையாக நடத்த முடியாது என்றார்கள். இந்த ஊரில் நின்றுகொண்டா அதைச் சொல்வது? 1954-இல் இங்கே மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப் பள்ளியை எழுப்பியவர்கள் யார்? தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், இதே மண்ணில் பிறந்த அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கியவர்கள் பால்மரத் தொழிலாளிகள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளால் ஒரு பாட்டி வீட்டைத் தாங்க முடியாதா? கத்தோலிக்கத் தேவாலயங்களில் வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு வீடாகப் போய்ப் பார்த்து உதவுகிறார்கள். நம் ஆலயங்களில் இன்னும் அந்த அளவுக்கு ஒழுங்கு வரவில்லை என்பது என் ஆதங்கம்.

முன்வரிசையில் ஆலய நிர்வாகத்தினர் உட்கார்ந்திருக்கிறீர்கள். தேருக்கு ஒரு குழு, அன்னதானத்துக்கு ஒரு குழு வைத்திருக்கிறீர்கள். வருகிற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இந்த வீடுகளுக்கும் ஒரு குழு போடுங்கள். பாரம் நிரப்ப ஒருவர், பள்ளிக்கூடத்துக்குப் போய் வர ஒருவர், பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள இரண்டு வீடுகள். முதல் வீடாக என் வீட்டு விலாசத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

நடுவர் அவர்கள் எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.